பக்கமும் பங்காளிகளும்: பகிர்ந்த நினைவகத்தின் பதிவேட்டு வரலாறு

கணனியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பொறிகளின் வேகத்தையும் கொள்ளளவையும் அவற்றை ஆக்கியோரின் பெயர்களையுமே அளவுகோலாகக் கொள்வர். அப்பொறிகளுள் ஓயாது நடைபெறும் கணக்குவைப்பைப் பற்றி எழுதுவோர் அரியர். ஓர் அரசின் போர்களை விரித்துரைத்துவிட்டு அதன் இறைப் பதிவேடுகளைப் புரட்டாது விடும் வரலாற்றாசிரியரின் குறை இவர்களிடத்தும் உண்டு. பொறி எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறியவும், அது ஏன் சில வேளைகளில் இடறுகின்றது என்பதை உணரவும் அக்கணக்கேடுகளே உதவுவன.

இக்கட்டுரை ஆராயப்புகும் வினா ஒன்றே. கணனி நினைவகத்தின் ஒரு துண்டை ஒரே வேளையிற் பலர் பயன்படுத்தும்போது, அத்துண்டு யார் யாருக்கு உரியது என்பதைப் பணிசெயல் முறைமை எங்கே, எவ்வாறு எழுதிவைக்கின்றது? 1962 தொடக்கம் இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகளை வரிசைப்படுத்தி நோக்கின், ஒவ்வொரு தலைமுறையும் முன்னையதினும் சிறந்த விடையைக் கண்டது என்னும் எளிய முன்னேற்றக் கதை பொருந்தாமை புலனாகும். பகிர்வின் வடிவம் மாறியபோதெல்லாம் பதிவேட்டின் இடமும் மாறியது என்பதே இங்கு நிறுவ முனையும் கருத்தாகும்.

இரு பதிவேடுகள்

ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரலைச் செயன்முறை என்பர். ஒவ்வொரு செயன்முறையும் நினைவகம் முழுவதும் தனக்கே உரியது என்ற எண்ணத்துடன் இயங்குகின்றது. அது வழங்கும் முகவரிகள் மெய்நிகர் முகவரிகள். உண்மையான நினைவகத்தில் அவற்றுக்கு நேரான இடம் வேறொன்றாகும். மெய்நிகர் வெளி சம அளவான பக்கங்களாகவும், உண்மை நினைவகம் அதே அளவான சட்டகங்களாகவும் வகுக்கப்பட்டுள்ளன. இன்றைய பொறிகளிற் பெரும்பாலும் ஒரு பக்கம் 4,096 பைற்றுக்களைக் கொண்டது. எந்தப் பக்கம் எந்தச் சட்டகத்தில் உள்ளது என்பதைச் செயன்முறை ஒவ்வொன்றுக்கும் உரிய பக்க அட்டவணை கூறும். இவ்வட்டவணைகளைப் பேணும் பொறுப்பு, பணிசெயல் முறைமையின் உள்ளீடாக நின்று வன்பொருளை ஆளும் பகுதியாகிய கருனிக்கு உரியது.

இவ்வட்டவணை ஒரு திசையில் மட்டுமே பேசும். செயன்முறையைச் சொன்னால் அது சட்டகத்தைக் காட்டும். சட்டகத்தைச் சொல்லி அதற்கு உரியவர் யாவர் என வினவினால் விடை கூறாது. எனினும் அவ்வினா அடிக்கடி எழுகின்றது. நினைவகம் நிரம்பும்போது ஏதாவதொரு சட்டகத்தை வெறுமையாக்கி வேறொருவருக்கு வழங்கவேண்டும். அதற்கு முன் அச்சட்டகத்தைச் சுட்டும் பதிவுகள் அனைத்தையும் தேடி அழித்தல் வேண்டும். ஒரு பதிவேனும் அழியாது எஞ்சுமாயின், பழைய உரிமையாளர் புதிய உரிமையாளரின் இடத்தில் எழுதிக்கொண்டிருப்பார். உரிமையாளர் ஒருவராயின் தொல்லை சிறிது. ஆனால் ஒரே செய்நிரலைப் பலர் ஓட்டும்போது அதன் கட்டளைகள் ஒரே சட்டகத்திலிருந்து படிக்கப்படுகின்றன. ஒரு செயன்முறை தன்னைப் போன்ற மற்றொன்றைப் பிறப்பிக்கும்போது தாயும் சேயும் ஒரே சட்டகங்களைப் பகிர்கின்றன. தரவுத்தளச் செய்நிரல்கள் வேண்டுமென்றே பெரும்பரப்பொன்றைப் பொதுவில் வைத்துக்கொள்கின்றன. இந்நிலையில் ஒரு சட்டகத்துக்கு ஆயிரம் உரிமையாளர் இருத்தலும் கூடும்.

ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஆண்ட காலத்திற் பேணிய தோம்புகள் இதனை விளக்க உதவும். தலைத்தோம்பு குடும்பங்களையும் அவற்றின் அங்கத்தவரையும் பதிந்தது. நிலத்தோம்பு காணிகளைப் பதிந்தது. ஆளைத் தேடுவோர் ஒன்றையும் நிலத்தைத் தேடுவோர் மற்றதையும் நாடினர். ஒரு காணிக்குப் பங்காளிகள் பலராகும்போதே நிலத்தோம்பின் அருமை தெரியும். பக்க அட்டவணை தலைத்தோம்பினை ஒத்தது. நாம் வரலாறு தேடுவது கணனியின் நிலத்தோம்புக்காகும்.

அட்லஸ்: தலைகீழான தொடக்கம்

மெய்நிகர் நினைவகத்தை முதலிற் செயற்படுத்திய பொறி மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணனியாகும். அது 1962 டிசெம்பரில் இயங்கத் தொடங்கியது. டொம் கில்பேர்னும் அவருடன் பணியாற்றியோரும் அதே ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் தமது முறையை ஒருமட்டச் சேமிப்பு எனப் பெயரிட்டு விளக்கினர். அப்பொறியின் காந்த வளைய நினைவகம் 16,384 சொற்களைக் கொண்டது. சொல்லொன்று 48 பிற்றுக்கள். இதற்குத் துணையாகக் காந்த உருளையில் 98,304 சொற்கள் இருந்தன. விரைவான சிறு நினைவகமும் மெதுவான பெரு நினைவகமும் செய்நிரல் எழுதுவோருக்கு ஒன்றாகவே தோற்றவேண்டும் என்பது அவர்களின் நோக்கம்.

ஒரு பக்கத்துக்கு 512 சொற்கள் என வகுத்தமையால் வளைய நினைவகத்தில் 32 சட்டகங்கள் அமைந்தன. சட்டகம் ஒன்றுக்கு ஒரு பதிவகமாக 32 பதிவகங்கள் வைக்கப்பட்டன. அச்சட்டகத்தில் இப்போது உள்ள பக்கத்தின் எண்ணைப் பதிவகம் தாங்கியிருந்தது. ஒரு முகவரி வேண்டப்பட்டதும் 32 பதிவகங்களும் ஒருங்கே ஒப்பிடப்பட்டன. பொருந்துவது ஒன்று இருப்பின் அதுவே வேண்டிய சட்டகம். இல்லையேல் மேற்பார்வைச் செய்நிரல் தலையிட்டு உருளையிலிருந்து பக்கத்தைக் கொணர்ந்தது.

இங்கு ஓர் உண்மை கவனிக்கற்பாலது. பக்கத்திலிருந்து சட்டகத்துக்குச் செல்லும் அட்டவணை முதலில் தோன்றியது என்றும், எதிர்த்திசைப் பதிவேடு பின்னாளில் அதனோடு சேர்க்கப்பட்டது என்றும் பலர் கருதுவர். அட்லஸ் இக்கருத்தை மறுக்கின்றது. அதன் பதிவேடு சட்டகத்தை அடியாகக் கொண்டது. அதாவது முதலில் எழுதப்பட்டது நிலத்தோம்பே. சட்டகங்கள் 32 ஆகவே இருந்தமையால் இம்முறை இயன்றது. ஆனால் ஒரு பதிவகத்தில் ஒரு பக்க எண்ணுக்கே இடமிருந்தது. ஒரு சட்டகம் இரு செய்நிரல்களுக்கு இரு வேறு முகவரிகளில் தோன்றவேண்டிய தேவையை அவ்வமைப்பு எதிர்நோக்கவில்லை. பிற செய்நிரல்களின் பக்கங்களைத் தீண்டாதவாறு தடுப்பதற்கென ஒவ்வொரு பதிவகத்திலும் ஒரு பூட்டுப் பிற்று இருந்தது. ஆகவே அட்லஸ் செய்நிரல்களைப் பிரித்துவைக்கக் கற்றிருந்தது. சேர்த்துவைக்கும் தேவை அதற்கு நேரவில்லை.

மல்டிக்ஸ்: பகிர்வுக்கென அமைந்த மாளிகை

அத்தேவையை மையமாகக் கொண்டு எழுந்தது மல்டிக்ஸ் முறைமையாகும். மசச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகமும் பெல் ஆய்வுகூடமும் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியும் இணைந்து மேற்கொண்ட இம்முயற்சியைப் பற்றிய முதற் கட்டுரைகள் 1965இல் வெளிவந்தன. பலர் ஒரே பொறியை ஒரே நேரத்திற் பயன்படுத்துவதும், அவர்தம் தரவுகளையும் செய்நிரல்களையும் தகுந்த காவலுடன் பகிர்வதும் அதன் குறிக்கோள்.

மல்டிக்ஸ் நினைவகத்தைத் துண்டங்களாக வகுத்து, ஒவ்வொரு துண்டத்தையும் பக்கங்களாகப் பிரித்தது. பக்க அட்டவணை செயன்முறைக்கு உரியதாக வைக்கப்படாது துண்டத்துக்கு உரியதாக வைக்கப்பட்டமை இதன் தனிச்சிறப்பு. ஒரு துண்டத்தை ஐம்பது செயன்முறைகள் பயன்படுத்தினும் அதற்குப் பக்க அட்டவணை ஒன்றே. ஐம்பது செயன்முறைகளும் தத்தம் விவரணத் துண்டத்தின் வழியாக அவ்வொரே அட்டவணையைச் சுட்டின. ஆதலின் ஒரு பக்கத்தை வெளியேற்ற ஒரு பதிவை மாற்றினாற் போதும். யார் யார் பகிர்கின்றனர் என்ற வினா பக்கத்தின் மட்டத்தில் எழவே இல்லை.

எனினும் வினா முற்றாக மறைந்துவிடவில்லை. துண்டம் முழுவதையும் செயலற்றதாக்க வேண்டிய வேளையில், அதனைச் சுட்டும் செயன்முறைகள் அனைத்தையும் கருனி அறிந்தாகவேண்டும். இதற்கெனச் செயற்படு துண்டங்களின் அட்டவணையில் ஒவ்வொரு துண்டத்தோடும் அதனைப் பிணைத்திருக்கும் செயன்முறைகளின் பட்டியல் தொடுக்கப்பட்டிருந்தது. பதிவேடு பக்கத்திலிருந்து பொருளுக்கு உயர்த்தப்பட்டது எனக் கொள்ளலாம். இவ்வறிவு பிற்காலத்தில் ஏறக்குறைய மறக்கப்பட்டு, பெருந்தொல்லைக்குப் பின் மீண்டும் கண்டறியப்பட்டமையைக் கீழே காண்போம்.

யுனிக்ஸ்: எண்ணிக்கையே போதும் என்ற காலம்

1969இல் பெல் ஆய்வுகூடம் மல்டிக்ஸ் முயற்சியிலிருந்து விலகியபின் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் ஆக்கிய யுனிக்ஸ் சிறிய பொறிகளுக்கு உரியது. பீ.டீ.பீ.-11 பொறியில் அது செயன்முறைகளை முழுமையாகவே உள்ளே கொணர்ந்தும் வெளியே அனுப்பியும் வந்தது. பகிரப்பட்டது செய்நிரலின் மாறாத கட்டளைப் பகுதி மட்டுமே. அதற்கென ஒரு சிறு அட்டவணை இருந்தது. கட்டளைப் பகுதி ஒவ்வொன்றையும் எத்தனை செயன்முறைகள் பயன்படுத்துகின்றன என்ற எண்ணிக்கை அதில் எழுதப்பட்டது. எண்ணிக்கை பூச்சியமானால் இடத்தை விடுவிக்கலாம். யாவர் என்று கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. எத்தனை பேர் என்பதே போதுமாயிருந்தது.

1979இன் இறுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் ஓசல்ப் பபாஓக்லுவும் பில் ஜோயும் வாக்ஸ் பொறிக்கெனப் பக்கமுறையை யுனிக்ஸில் அமைத்தபோது நிலைமை மாறியது. இப்போது தனித்தனிப் பக்கங்களை வெளியேற்றவேண்டும். அவர்கள் உண்மை நினைவகத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பதிவு கொண்ட அட்டவணையை வைத்தனர். இப்பகுதி எந்தச் செயன்முறையின் தரவு, அல்லது எந்தக் கட்டளைத் தொகுதியின் எத்தனையாவது பக்கம் என்பதை அது கூறிற்று. கட்டளைப் பக்கமாயின், அத்தொகுதியைப் பகிரும் செயன்முறைகளின் சங்கிலி வழியே சென்று ஒவ்வொன்றின் பக்க அட்டவணையிலும் மாற்றம் செய்யப்பட்டது. பகிர்வு கட்டளைத் தொகுதிக்கு மட்டும் உரியதாக இருக்கும்வரை இது நன்கு இயங்கியது. ஒரு கோப்பின் ஏதாவதொரு பகுதியை எவரும் எம்முகவரியிலும் பிணைக்கலாம் என்ற வசதி 1983இல் வெளிவந்த பேர்க்லிக் கையேட்டில் விவரிக்கப்பட்டிருந்தும் அப்போது செயற்படுத்தப்படாது நின்றது. கட்டற்ற பகிர்வை அப்பதிவேடு தாங்கியிராது.

நேர்மாறு அட்டவணையும் மாக்கும்

இதே காலத்தில் வன்பொருள் அமைப்போர் சிலர் அட்லஸின் வழிக்குத் திரும்பினர். முகவரி வெளி பெருகப் பெருகச் செயன்முறை ஒவ்வொன்றுக்கும் உரிய அட்டவணையும் பெருகியது. சட்டகத்துக்கு ஒரு பதிவு மட்டும் வைப்பின் அட்டவணையின் அளவு உண்மை நினைவகத்தின் அளவோடு நின்றுவிடும். ஐ.பீ.எம். நிறுவனம் 1978இல் அறிவித்த சிஸ்டம்/38 பொறியும், 1986இல் வெளியிட்ட ஆர்.ரீ. பொறியும் இத்தகைய நேர்மாறு அட்டவணையைக் கையாண்டன. 32 பதிவகங்களை ஒருங்கே ஒப்பிட்ட அட்லஸின் வழி இலட்சக்கணக்கான சட்டகங்களுக்கு இயலாதாகையால், பக்க எண்ணைக் குறுக்கிப் பதிவின் இடத்தைக் கணிக்கும் உத்தி பயன்பட்டது.

ஆனால் அட்லஸின் குறையும் உடன் வந்தது: சட்டகம் ஒன்றுக்கு ஒரே மெய்நிகர் முகவரி. ஒரு பெரும் முகவரி வெளியை எல்லோரும் பொதுவிற் கொள்ளும் முறைமைகளுக்கு இது குறையாகத் தோன்றவில்லை. யுனிக்ஸ் மரபில் வந்த முறைமைகளுக்கோ இது இடர் விளைத்தது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ரஷீட் தலைமையில் உருவான மாக் கருனியை ஆர்.ரீ. பொறிக்கு மாற்றியோர் 1987இல் இதனைப் பதிவு செய்துள்ளனர். இரு செயன்முறைகள் ஒரு சட்டகத்தைப் பகிர்ந்தால், கடைசியாகத் தீண்டியவருக்கே பதிவு உரியதாகும். மற்றவர் தீண்டும்போது பிழை எழுந்து பதிவு அவர் பெயருக்கு மாற்றப்படும். ஒரே உறுதியை இரு பங்காளிகளும் மாறி மாறித் தம் பெயருக்கு எழுதுவித்த கதை இது.

மாக் தனது பொதுவடிவில் இச்சிக்கலுக்கு நேரான விடையொன்றை வழங்கியது. சட்டகம் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சங்கிலி. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஒரு முகவரி வெளியையும் அதில் உள்ள ஒரு முகவரியையும் குறித்தது. சட்டகத்தை வெறுமையாக்க அச்சங்கிலியில் நடந்து சென்றாற் போதும். 1993இல் வெளிவந்த 4.4 பீ.எஸ்.டீ. மாக்கின் நினைவக அமைப்பைத் தழுவியது. அதன் வழித்தோன்றலாகிய பிரீபீஎஸ்டி இன்றும் இத்தகைய பதிவேட்டையே பேணுகின்றது. கண்ணிகளைப் பக்க அளவான கட்டுகளாகச் சேர்த்து வைப்பது பின்வந்த திருத்தமாகும்.

அதே 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்.ரீ. வேறு வழியிற் சென்றது. பகிரப்படும் பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலப் பதிவை அது தனியே வைத்தது. சட்டகத்தின் பதிவு இம்மூலப் பதிவையும் பகிர்வோரின் எண்ணிக்கையையும் மட்டுமே அறியும். கருனி ஒவ்வொரு செயன்முறையிடமிருந்தும் அதன் பங்கைத் தனித்தனியே கழிக்கின்றது. எண்ணிக்கை பூச்சியமானபின் மூலப் பதிவை மாற்றினாற் போதுமாதலின், பங்காளிகளைத் தேடி அலையவேண்டியதில்லை.

லினக்ஸ்: விலை கொடுத்துக் கற்ற பாடம்

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருனி, யுனிக்ஸின் தொடக்க நிலையை ஒத்திருந்தது. சட்டகம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணிக்கை, வேறெதுவும் இல்லை. தாயும் சேயும் பக்கங்களைப் பகிர்ந்து, எழுதும் வேளையில் மட்டும் படியெடுத்துக்கொள்ளும் முறை அதில் முதற் பதிப்பிலேயே அமைந்திருந்தது. அதற்கு எண்ணிக்கை போதும்.

நினைவகம் குறைந்தபோது கருனி செயன்முறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றின் அட்டவணைகளிற் பயன்படாத பதிவுகளைத் தேடி அழித்தது. குறித்தவொரு சட்டகத்தை விடுவிக்கவேண்டுமென்று அதனால் எண்ண இயலாது. எல்லோருடைய ஏட்டிலும் கைவைத்து, ஏதாவதொரு சட்டகத்தின் கடைசிப் பங்காளியும் நீங்கும்வரை காத்திருக்கவேண்டும். சிறு பொறிகளில் இது பொறுக்கத்தக்கது. பெரும் வழங்கிகளில் இலினக்ஸ் நுழைந்தபோது பொறுக்க இயலாததாயிற்று. 2001 ஜனவரியில் வெளிவந்த 2.4 வரிசையின் நினைவக முகாமை சுமை மிக்க வேளைகளிற் பெருங்குறைகளைக் காட்டியது. அவ்வாண்டு செப்டெம்பரில் வெளிவந்த 2.4.10இல், நிலைபெற்ற வரிசை எனக் கூறப்பட்ட ஒன்றின் நடுவிலேயே, ரிக் வான் ரீலின் அமைப்பு நீக்கப்பட்டு அந்திரேயா ஆர்காஞ்செலியின் அமைப்பு புகுத்தப்பட்டது. இது அக்காலத்திற் பெரும் வாதத்துக்கு இடமளித்தது.

வான் ரீல் தமது பாதையிற் தொடர்ந்து, சட்டகத்திலிருந்து பக்க அட்டவணைப் பதிவுகளுக்குச் செல்லும் சங்கிலியை ஆக்கினார். மாக் கண்ட விடையை ஒத்த இது 2002 ஜூலையில் 2.5.27 பதிப்பிற் சேர்க்கப்பட்டது. எதிர்ப்பிணைப்பு எனத் தக்க பெயர் பெற்ற இம்முறையால், வேண்டிய சட்டகத்தை வேண்டிய வேளையில் விடுவித்தல் லினக்ஸில் முதன்முறையாக இயன்றது.

விலை உடனே தெரியவந்தது. ஓர் எளிய கணக்கு இதனைக் காட்டும். ஒரு தரவுத்தளம் ஒரு கிகாபைற்றுப் பரப்பைப் பொதுவில் வைத்துள்ளது எனக் கொள்வோம். அதில் 262,144 பக்கங்கள் உள்ளன. நூறு செயன்முறைகள் அதனைப் பகிரின் பிணைப்புகள் 26,214,400. முப்பத்திரண்டு பிற்றுப் பொறியில் பக்க அட்டவணைப் பதிவொன்று 4 பைற்று. ஆகவே அட்டவணைகளுக்கே 100 மெகாபைற்று. சங்கிலிக் கண்ணியொன்று 8 பைற்று. ஆகவே சங்கிலிகளுக்கு மேலும் 200 மெகாபைற்று. அப்பொறிகளிற் கருனி நேரடியாக ஆளக்கூடிய நினைவகம் ஏறக்குறைய 896 மெகாபைற்று என்பதை நினைவிற் கொள்ளின், பதிவேடே காணியை விழுங்கத் தொடங்கிய நிலை விளங்கும். அன்றியும், செயன்முறை ஒன்று பிறக்குந்தோறும் அதன் பக்கம் ஒவ்வொன்றுக்கும் கண்ணி சேர்க்கவேண்டியிருந்தமையால் பிறப்பும் இறப்பும் மெதுவாயின. பல சுட்டிகளை ஒரே கண்ணியில் அடக்கும் திருத்தம் ஓரளவு உதவியது, நோய் தீரவில்லை.

2003இல் ஐ.பீ.எம். நிறுவனத்தைச் சேர்ந்த டேவ் மக்கிராக்கன் வேறொரு வழியை முன்வைத்தார். கோப்பிலிருந்து வந்த பக்கம் தன் கோப்பை ஏற்கெனவே அறியும். கோப்பு தன்னைப் பிணைத்த முகவரிப் பரப்புகளை ஏற்கெனவே அறியும். பக்கம் கோப்பில் எத்தனையாவது என்பதும், பரப்பு கோப்பின் எவ்விடத்திலிருந்து தொடங்குகின்றது என்பதும் தெரிந்தால், மெய்நிகர் முகவரியைக் கழித்தலும் கூட்டலும் கொண்டே கணிக்கலாம். பக்கத்துக்குப் பக்கம் எழுதவேண்டியதில்லை. மேற்கூறிய எடுத்துக்காட்டில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட கண்ணிகளுக்குப் பதிலாக நூறு பரப்புகளின் பட்டியல் போதும். பதிவேடு பக்கத்திலிருந்து மீண்டும் பொருளுக்கு உயர்ந்தது. மல்டிக்ஸ் துண்டத்தோடு தொடுத்துவைத்த பட்டியலின் மறுபிறப்பாக இதனைக் கொள்வது தவறாகாது.

கோப்பு எதனையும் சாராத பெயரிலிப் பக்கங்களுக்கு இவ்வழி நேரே பொருந்தாது. அவற்றுக்கு ஹியூ டிக்கின்ஸ் ஒரு தீர்வையும் ஆர்காஞ்செலி மற்றொரு தீர்வையும் 2004இல் முன்வைத்தனர். ஆர்காஞ்செலியின் தீர்வு ஏற்கப்பட்டது. ஒரு தாயின் வழிவந்த பரப்புகள் யாவும் ஒரு குடும்பப் பொருளின் கீழ்ப் பட்டியலிடப்பட்டன. பக்கம் அக்குடும்பத்தைச் சுட்டியது. ஒரே கோப்பைப் பல்லாயிரம் பரப்புகள் பிணைக்கும் நிலையில் நெடும்பட்டியலைத் தேடுவதைத் தவிர்க்க, எட்வேர்ட் மக்கிறைட் 1985இல் விவரித்த முன்னுரிமைத் தேடல் மரத்தை அடியாகக் கொண்டு ராஜேஷ் வெங்கடசுப்பிரமணியன் ஓர் அமைப்பை ஆக்கினார். இவையிரண்டும் 2004 ஜூனில் வெளிவந்த 2.6.7இற் சேர, சங்கிலிகள் விடைபெற்றன. அம்மரத்தின் இடத்தை 2012 டிசெம்பரில் 3.7 பதிப்பில் மிஷேல் லெஸ்பினாஸின் இடைவெளி மரம் பெற்றது.

குடும்பப் பட்டியலும் தன் குறையைக் காட்டத் தவறவில்லை. ஒரு தாய்க்கு ஆயிரம் சேய்கள். சேய் ஒவ்வொன்றும் ஆயிரம் பக்கங்களைத் தனக்கெனப் படியெடுத்துக்கொண்டது எனின், பத்து இலட்சம் பக்கங்கள் ஒரே குடும்பத்தைச் சுட்டும். உண்மையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் உரிமையாளர் ஒருவரே. ஆயினும் அவரைக் காண ஆயிரம் பரப்புகளையும் நோக்கவேண்டும். முதுசக் காணியின் பங்காளிகளையும், மகன் தன் உழைப்பாற் தேடிய காணியின் உரிமையாளரையும் ஒரே பட்டியலில் எழுதியதன் விளைவு இது. 2010 மே மாதம் வெளிவந்த 2.6.34இல் வான் ரீல் இதனைத் திருத்தினார். ஒவ்வொரு சேய்க்கும் தனிக் குடும்பப் பொருளும், முன்னோருடன் இணைக்கும் தொடர்பும் வழங்கப்பட்டன. சேய் புதிதாகப் பெற்ற பக்கம் சேயின் பட்டியலிலேயே தேடப்பட்டது.

எத்தனை பேர் என்ற வினாவின் இடர்

இதுகாறும் கூறியவை வேகத்தையும் இடத்தையும் பற்றியன. பதிவேட்டுப் பிழை இரகசியத்தையும் வெளிப்படுத்தக்கூடும் என்பதை 2020ஆம் ஆண்டு உணர்த்தியது.

பக்கமொன்றுக்கு ஒரே பிணைப்பு உள்ளதாயின், அதன் உரிமையாளர் எழுதும்போது படியெடுக்கத் தேவையில்லை, அவ்விடத்திலேயே எழுதலாம். இவ்விதி நெடுங்காலம் நிலவியது. கூகிள் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர் யான் ஹோர்ன் இதிலுள்ள ஓட்டையைச் சுட்டினார். சேய்ச் செயன்முறை, தாயுடன் பகிர்ந்த பக்கத்தைக் குழாயொன்றினுள் இடுகின்றது. பின் தன் பிணைப்பை அகற்றுகின்றது. பிணைப்பு எண்ணிக்கை ஒன்றாகின்றது. தாய் தான் தனித்திருப்பதாக நம்பி அவ்விடத்திலேயே எழுதுகின்றது. சேயோ குழாயின் மறுமுனையிலிருந்து தாய் புதிதாக எழுதியதைப் படிக்கின்றது. எண்ணிக்கை பொய் கூறவில்லை. பிணைத்தோரை அது சரியாகவே எண்ணியது. பிணைக்காமற் பற்றிக்கொண்டிருந்தோரைப் பற்றி அதனிடம் எவரும் வினவவில்லை.

முதற் திருத்தம் அவ்வாண்டு ஆகஸ்டில் வெளிவந்த 5.8இல் இடம்பெற்றது. பிணைப்புக்களை விடுத்து எல்லாப் பற்றுக்களையும் எண்ணும் முறை அடுத்துப் புகுத்தப்பட, அது வேறிடங்களிற் தேவையற்ற படியெடுப்பையும் தரவு வழுவையும் விளைத்தது. 2022 ஜூலையில் வெளிவந்த 5.19இல் டேவிட் ஹில்டன்பிராண்ட் வேறு நோக்கிற் தீர்வு கண்டார்: பெயரிலிப் பக்கம் ஒருவருக்கே உரியது என்பதை ஓர் அடையாளத்தாற் தெளிவாக எழுதிவைத்தல். எண்ணிக்கையிலிருந்து உரிமையை ஊகிப்பதை விடுத்து, உரிமையையே பதிவு செய்வது இதன் சாரம்.

பக்கங்களைப் பெருந்தொகுதிகளாக ஆளும் முறை இப்போது வளர்ந்துவருகின்றது. மத்தியூ வில்கொக்ஸ் தொடங்கிய இவ்வமைப்பு 2022 ஜனவரியில் 5.16 பதிப்பிற் புகுந்தது. தொகுதியினுள் அடங்கும் சிறுபக்கம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண்ணிக்கை வைத்தல் சுமையாகவே, 2025 மே மாதம் வெளிவந்த 6.15 பதிப்பு அவ்வெண்ணிக்கையை விட்டுவிடும் தெரிவொன்றைச் சோதனையாக வழங்கியது. அதன்படி தொகுதி ஒருவருக்கே உரியது என உறுதியாகக் கூறலாம். அன்றேல் பலருக்கு உரியதாக இருக்கலாம் என்று மட்டும் கூறலாம். ஐயத்துக்கும் பதிவேட்டில் இடமளிக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

அட்லஸ் சட்டகத்தை அடியாகக் கொண்டு எழுதியது. பகிர்வு அதற்கு இல்லை. மல்டிக்ஸ் பகிரப்படும் பொருளை அடியாகக் கொண்டது. யுனிக்ஸ் எண்ணிக்கையோடு அமைந்தது. மாக் பக்கம் ஒவ்வொன்றுக்கும் பங்காளிகளைப் பெயர் சுட்டி எழுதியது. லினக்ஸ் எண்ணிக்கையிற் தொடங்கி, பெயர்ப் பட்டியலுக்குச் சென்று, அதன் சுமை தாங்காது பொருளுக்கு மீண்டது. இவ்வரிசையை முன்னேற்றத்தின் நேர்கோடாக வரைய இயலாது. முன்னையோர் கண்ட விடை பின்னையோருக்குப் பயன்படாது கிடந்து, அவர்தம் பகிர்வு முன்னையோரின் பகிர்வை ஒத்தபோது மீண்டும் உயிர்பெற்றது.

மூன்று வினாக்கள் இவ்வரலாற்றில் அடிக்கடி ஒன்றோடொன்று மயங்கின: எத்தனை பேர், யாவர், ஒருவரே தானா? ஒன்றுக்கென எழுதிய ஏட்டை மற்றொன்றுக்கு விடையாகக் கொண்ட வேளைகளிலேயே பொறி இடறியது. எல்லாவற்றையும் எழுதிவைப்பின் ஏடு காணியை விழுங்கும். எதனையும் எழுதாது விடின் அயலவன் எம் காணியில் உழுவான். எதனை எழுதுவது, எதனைக் கணித்துக்கொள்வது எனத் தீர்மானிப்பதே கருனியை ஆக்குவோரின் கலை. கணனி விஞ்ஞானம் பயிலும் எம்மவர் இன்றைய விதிகளை மட்டும் மனங்கொள்ளாது, அவ்விதிகள் எந்தப் பிழையின் விலையாகப் பெறப்பட்டன என்பதையும் அறிந்துகொள்வாராயின், அடுத்த பதிவேட்டை எழுதும் தகுதி அவர்களுக்கு வாய்க்கும்.